நானே தப்பாகச் சொல்லிக்கொடுத்த பாடம்

நாட்றம்பள்ளியிலும் சுற்றுக் கிராமங்களிலும் விடியற்காலையில் ஷூ கம்பெனி பஸ் ஏறும் என் பழைய மாணவிகளுக்கு,

உங்களில் பாதிப் பேருக்கு நாற்பது தாண்டிவிட்டது. சிலர் பேரன் பேத்தி எடுத்துவிட்டீர்கள். எனக்கு நீங்கள் இன்னும் பிள்ளைகள்தான். எட்டாம் வகுப்போடு புத்தகப் பையை மூலையில் வைத்துவிட்டு ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் வேலைக்குப் போனவர்கள். பத்தாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதலாம், வாருங்கள் என்று நான் கூப்பிட்டபோது முதல் ஞாயிற்றுக்கிழமை பதினேழு பேர் வந்தீர்கள். இப்போது ஆறு பேர் வருகிறீர்கள். வராத பதினோரு பேருக்குத்தான் இந்த மடல். வருகிற ஆறு பேரும் படியுங்கள். உங்கள் மனதிலும் அதே சந்தேகம் இருப்பது எனக்குத் தெரியும்.

எந்த இடத்தில் நின்றோம் என்பது நினைவிருக்கிறது. அறிவியலில் நரம்பு மண்டலம் பாடம். நியூரான் படம் வரையச் சொல்லியிருந்தேன். ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கும் பிரிவில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இருப்பவர், பெயர் வேண்டாம், பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "டீச்சர், எட்டாவதுல நீங்கதானே சொன்னீங்க, மூளை செல்லு மட்டும் செத்தா திரும்ப வராது, பொறக்கும்போது எவ்வளவோ அவ்வளவுதான்னு? எனக்கு நாப்பத்தாறு ஆவுது. இத்தன வருஷத்துல எவ்வளவு செத்திருக்கும்? இனிமே எங்க டீச்சர் ஏறும்?" என்னால் அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரம் அவரோடு ஒரே பஸ்ஸில் போகும் நான்கு பேர் வரவில்லை.

அப்படிச் சொன்னது நான்தான். முப்பத்தோரு வருஷம், ஒவ்வொரு எட்டாம் வகுப்புக்கும் அதையே சொன்னேன். நான் படித்ததும் அதுதான். அது தப்பு என்பதற்கான சான்று நான் பாடம் நடத்திக்கொண்டிருந்த வருஷங்களிலேயே வெளிவந்துகொண்டிருந்தது; என் கரும்பலகை வரைக்கும் வந்து சேரவில்லை. தெரிந்த பிறகும் சும்மா இருந்தால் அது வேறு தப்பு. அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பாடம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஸ்பெயின் நாட்டு ராமோன் இ கஹால் நரம்பு செல்களை நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்துக் கையால் வரைந்தவர். 1906ல் நோபல் பரிசு வாங்கியவர். வளர்ந்த மூளையில் புதிதாக எதுவும் முளைக்காது என்று அவர் எழுதினார். அவ்வளவு பெரிய மனிதர் சொன்னதால் தேடிப் பார்க்க அதிகம் பேர் முன்வரவில்லை. 1960களில் அமெரிக்காவில் ஜோசப் ஆல்ட்மன் தேடினார். ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் அதன் மரபுப் பொருளை, அந்த டிஎன்ஏவை, புதிதாக ஒரு படி எடுக்க வேண்டும். அதற்குத் தேவையான மூலப்பொருளில் கதிரியக்க அடையாளம் ஒட்டி எலிக்குக் கொடுத்தார். அதன் பிறகு பிறக்கும் செல்லில் மட்டும் அந்த அடையாளம் இருக்கும். வளர்ந்த எலியின் மூளையில் அது இருந்தது. 1965ல் அவரும் கோபால் தாஸ் என்பவரும் சேர்ந்து ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியைப் பற்றி அதை விரிவாக எழுதினார்கள். ஏறக்குறைய முப்பது வருஷம் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை.

ஹிப்போகாம்பஸ் எங்கே இருக்கிறது? இரண்டு காதுக்கும் நேர் உள்ளே, பக்கத்துக்கு ஒன்று. வளைந்த கடல்குதிரை மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். இன்றைக்கு நடந்ததை நாளைக்கு நினைவில் நிற்கும்படி பதிவது அதன் வேலை. 1953ல் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்க இளைஞருக்குக் கடுமையான வலிப்பு. அதை நிறுத்த இரண்டு பக்கமும் அந்தப் பகுதியில் ஒரு பெரிய பங்கை வெட்டி எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவருக்குப் புதிதாக எதுவும் நினைவில் நிற்கவில்லை. காலையில் பார்த்த டாக்டரை மாலையில் புதியவராகப் பார்ப்பார். ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சி கொடுத்தபோது நாளுக்கு நாள் அவர் கை தேறியது. முந்தின நாள் வரைந்ததே அவருக்கு நினைவில்லை. கைப்பழக்கம் மூளையில் வேறு இடத்தில் பதிகிறது. "தையல் கை தானா வருது டீச்சர், படிப்புதான் வரமாட்டேங்குது" என்று ஒருவர் சொன்னீர்களே, அதில் உண்மை இருக்கிறது. கைக்கு இருபத்தைந்து வருஷம் தினமும் வேலை கொடுத்தீர்கள். மற்றதற்கு யாரும் கொடுக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1998ல் சுவீடனில் பீட்டர் எரிக்சனும் அமெரிக்காவில் ஃப்ரெட் கேஜும் சேர்ந்து மனித மூளையில் பார்த்தார்கள். கட்டி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று அறிய, புற்றுநோயாளிகள் சிலருக்கு மருத்துவர்கள் ஏற்கெனவே ஓர் அடையாளப் பொருள் ஊசி போட்டிருந்தார்கள். அது புற்றுநோய் செல்லில் மட்டும் ஒட்டுவதல்ல. உடம்பில் எங்கே புது செல் பிறந்தாலும் ஒட்டும். அவர்களில் ஐந்து பேரின் மூளையை அவர்கள் இறந்த பிறகு ஆராய்ந்தார்கள். வயது 57 முதல் 72 வரை. ஐந்து பேரின் ஹிப்போகாம்பஸிலும் புது நியூரான்கள் இருந்தன. சாவு நெருங்கிய உடம்பு, எழுபதைத் தாண்டிய வயது, அப்போதும் பிறந்திருக்கின்றன. இதை முதலில் படித்தபோது அன்றைக்கு அவர் பென்சிலைக் கீழே வைத்த சத்தம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

2013ல் ஸ்டாக்ஹோமில் யோனாஸ் ஃப்ரிசேனின் குழு இன்னொரு வழியில் கணக்குப் போட்டது. 1955 முதல் 1963 வரை வல்லரசுகள் வளிமண்டலத்தில் அணுகுண்டு சோதனைகளை அதிகமாக நடத்தின. காற்றில் கார்பன்-14 கூடியது. காற்றிலிருந்து பயிருக்கு, பயிரிலிருந்து சோற்றுக்கு, சோற்றிலிருந்து மனித உடம்புக்கு. சோதனை நின்றதும் அது வருஷா வருஷம் குறைந்தது. ஒரு செல்லின் டிஎன்ஏவில் எவ்வளவு கார்பன்-14 இருக்கிறது என்று அளந்தால் அது எந்த வருஷம் பிறந்தது என்று சொல்லிவிடலாம். இப்படி அளந்து, ஒவ்வொரு பக்க ஹிப்போகாம்பஸிலும் நாளொன்றுக்குச் சுமார் 700 புது நியூரான்கள் சேர்கின்றன என்றார்கள். உலகத்தை அழிக்க வெடித்த குண்டின் தூசு, நமக்குள் புதிதாகப் பிறப்பதை எண்ணிக் காட்டியிருக்கிறது.

மறுத்தவர்களும் உண்டு. முன்பு ஒரு பக்கத்தை மட்டும் சொல்லித்தான் உங்களுக்குத் தீங்கு செய்தேன். இந்த முறை இரண்டையும் சொல்கிறேன். 2018ல் சான் பிரான்சிஸ்கோ குழு, பெரியவர்கள் மூளையில் தேடினோம், ஒன்றும் தட்டுப்படவில்லை, குழந்தைப் பருவத்திலேயே வற்றிவிடுகிறது என்று எழுதியது. அதே வருஷம் நியூயார்க் குழு, 79 வயதுக்காரரிடமும் பார்த்தோம் என்றது. 2019ல் மாட்ரிட் குழு, எண்பதைத் தாண்டியவர்களிடமும் இருக்கிறது, அல்சைமர் நோயாளிகளிடம் மிகவும் குறைந்துவிடுகிறது என்றது. இறந்தவர் மூளையை எவ்வளவு நேரம் கழித்து, எவ்வளவு காலம் ரசாயனத்தில் வைத்தார்கள் என்பதைப் பொறுத்து அந்த இளம் செல்கள் கண்ணுக்குத் தெரியலாம், தெரியாமலும் போகலாம். பதம் தவறினால் தோல் வீணாவதை டேனரியில் பார்த்தவர்கள் நீங்கள், இது உங்களுக்குச் சட்டென்று புரியும். 2025ல் ஸ்டாக்ஹோம் குழு மறுபடி வந்தது. புது நியூரான்களைப் பெற்றெடுக்கும் தாய்ச் செல்களையே பெரியவர்கள் மூளையில் கண்டுபிடித்தார்கள். ஆளுக்கு ஆள் நிறைய வித்தியாசம், சிலரிடம் தாராளம், சிலரிடம் அரிது என்றும் சொன்னார்கள். எத்தனை என்ற சண்டை இன்னும் முடியவில்லை. "பிறந்தபோது எவ்வளவோ அவ்வளவுதான்" என்று அடித்துச் சொல்ல இன்றைக்கு எந்த ஆசிரியருக்கும் உரிமை இல்லை.

சரி, பிறக்கிறது. ஞாபகத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

காலை ஆறே முக்காலுக்குப் பஸ். கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு ஓடுகிறீர்கள். வாணியம்பாடி நெருங்கும்போது வயிற்றைப் பிசைகிறது: பூட்டினேனா? கண்ணை மூடி யோசித்தால் பூட்டுகிற காட்சி தெரிகிறது. ஆனால் அது இன்றைக்குப் பூட்டியதா, நேற்றா, முந்தாநாளா? அதே கதவு, அதே பூட்டு, அதே ஓட்டம். ஒன்றைப் போலவே இருக்கும் நூறு காலைகளில் இன்றைய காலையைத் தனியாகப் பிரித்து வைக்க வேண்டும். அந்தப் பிரிக்கிற வேலை நடப்பது ஹிப்போகாம்பஸின் நுழைவாயிலில், டென்டேட் கைரஸ் என்ற மடிப்பில். புது செல்கள் பிறப்பதும் அங்கேயேதான்.

எலிகளில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். புது செல் பிறப்பதைத் தடுத்த எலிகள், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு இடங்களை ஒன்றென்று குழப்பிக்கொண்டன; தள்ளித் தள்ளி இருந்தால் குழப்பமில்லை. இது 2009ல். புது செல்களைக் கூட்டிய எலிகள், ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கூண்டுகளை முன்னைவிட நன்றாகப் பிரித்தறிந்தன. இது 2011ல். பிறந்து சில வாரமே ஆன செல் சின்னத் தூண்டுதலுக்கும் துள்ளி எழும். லைனில் புதிதாகச் சேர்ந்த பெண் யார் பேசினாலும் தலையைத் தூக்கிப் பார்ப்பாளே, அப்படி. பழைய செல் அசையாது. புதியதைப் புதியது என்று கவனிக்க அந்தத் துள்ளல் உதவுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது, இதை நான் எதிர்பார்க்கவில்லை. 2014ல் டொரன்டோவில் பால் ஃப்ராங்க்லேண்ட், ஷீனா ஜாஸலின் குழுவினர், புது செல்கள் அதிகமாகப் பிறந்தால் எலிக்குப் பழைய நினைவு அழிகிறது என்று காட்டினார்கள். புதிது உள்ளே நுழைந்து இணையும்போது பழைய இணைப்புகள் கலைகின்றன. குழந்தைக்கு அந்தப் பிறப்பு வெள்ளமாக நடக்கிறது. நமக்கு முதல் இரண்டு மூன்று வயது நினைவில் இல்லாமல் போவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். மறக்கிறோம் என்றாலே மூளை தேய்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். பத்து வருஷத்துக்கு முந்தின ஆர்டரில் எந்த நிற நூல் போட்டோம் என்பது மறந்தால் மறக்கட்டும்.

பிறக்கிற செல் எல்லாம் நிலைப்பதில்லை. எலியில் பாதிக்கு மேல் சில வாரத்தில் செத்துவிடும். எலிசபெத் கூல்ட் 1999ல் காட்டியது இது: அந்தச் சில வாரத்துக்குள் எலிக்குக் கஷ்டமான ஒன்றைக் கற்றுக்கொடுத்தால் சாகவிருந்த செல்களில் பல பிழைத்துக்கொள்கின்றன. அதே வருஷம் ஹென்ரியட் ஃபான் பிராக் இன்னொன்றைக் காட்டினார்: கூண்டில் ஓடுசக்கரம் வைத்து ஓடவிட்ட எலிகளில் புது செல்கள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஓட்டம் பிறக்க வைக்கிறது, கற்றல் பிழைக்க வைக்கிறது.

இதைப் படித்தபோது எனக்குப் புதுக்கோட்டை நினைவு வந்தது. 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம். மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். ஆயிரமாயிரம் பெண்கள், கல் உடைப்பவர்களும் கூலிக்குப் போகிறவர்களும், மாலையில் எழுத்துக் கற்றார்கள், கூடவே சைக்கிளும் கற்றார்கள். அவர்கள் மூளையை யாரும் படம் எடுத்துப் பார்க்கவில்லை, அதனால் உள்ளே என்ன நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உடம்பை ஓடவிட்டு, கூடவே புதிதாக ஒன்றைக் கற்பது என்ற இரண்டையும் அவர்கள் சேர்த்தே செய்தார்கள், ஆய்வகத்து எலிகள் செய்வதற்கு ஏழெட்டு வருஷம் முன்னால். அவர்களிலும் நாற்பது தாண்டியவர்கள் இருந்தார்கள்.

இனி நம் ஊர்க் கதை. படிக்காதவர் என்றால் ஞாபகம் இல்லாதவர் என்று நினைக்கிற வழக்கம் டாக்டர்களிடமே இருந்தது. முதியோர் மறதி நோயைக் கண்டறிய மேல்நாட்டில் செய்த கேள்வித்தாள், எழுது, படி, தேதி சொல், கணக்குப் போடு என்று கேட்கும். பள்ளிக்கூடமே போகாத ஆயா அதில் தோற்பார், நோயே இல்லாவிட்டாலும். 1998ல் கொச்சியில் கூடிய ஆராய்ச்சியாளர்கள் 10/66 என்ற குழுவைத் தொடங்கினார்கள். அப்போது மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில், அவர்களைப் பற்றிய ஆராய்ச்சியோ 10 சதவீதம்கூட இல்லை என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். அவர்கள் ஆய்வு செய்த இடங்களில் ஒன்று நம் வேலூர்ப் பக்கம். கணியம்பாடி வட்டாரத்தில் சிஎம்சி மருத்துவர்கள் வீடு வீடாகப் போனார்கள். படிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்துகிற மாதிரிச் சோதனையை மாற்றி அமைத்தார்கள். இப்போது கோலார் மாவட்டம் ஸ்ரீநிவாசபுராவிலும், பெங்களூர் இந்திய அறிவியல் கழக வளாகத்தில் உள்ள மூளை ஆய்வு மையம், 45 வயதைக் கடந்த கிராமத்து மக்கள் பத்தாயிரம் பேரை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து பார்க்கும் வேலையில் இருக்கிறது. உங்களைப் போன்றவர்களின் மூளையைப் பற்றி உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளும் காலம் வந்திருக்கிறது.

பிறகு ஏன் உங்களுக்கு ஏறவில்லை? அது பொய் என்று நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நடத்தியது அடுத்த ஞாயிறு காணாமல் போகிறது, நானே பார்த்தேன். வயதின் மேல் பழி போடுவதற்கு முன் உங்கள் நாளைப் பாருங்கள். நாலரைக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, கட்டிக்கொண்டு பஸ். திரும்ப ஏழரை. அதற்கு மேல் வீட்டுக்கு வாங்கி வந்த அப்பரைக் கையால் தைத்து முடிக்கப் பதினொன்று. தூக்கத்தை நாள்கணக்கில் பறித்தால் எலி மூளையில் புது செல் பிறப்பு குறைகிறது. அன்றன்று படித்ததைப் பதிய வைப்பதும் தூக்கத்தில்தான். கடன் கவலையும் டார்கெட் கவலையும் சும்மா விடுவதில்லை. பெங்களூரில் சுமந்த்ரா சட்டர்ஜியின் குழு 2002ல் காட்டியது: தொடர்ந்து மன அழுத்தத்தில் வைத்த எலிகளில் ஹிப்போகாம்பஸ் நியூரான்களின் கிளைகள் சுருங்குகின்றன, பயத்துக்கான பகுதியில் கிளைகள் வளர்கின்றன. பயப்படுவது எளிதாகவும் பதிவது கஷ்டமாகவும் ஆகிவிடுகிறது.

தைராய்டையும் சொல்ல வேண்டும், உங்களில் மூன்று பேர், டாக்டர் அதற்கு மாத்திரை எழுதிக்கொடுத்தும் சாப்பிடாமல் இருக்கிறீர்கள். மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் விதிதா வைத்யாவின் குழு 2005ல் எழுதியது: வளர்ந்த எலிக்குத் தைராய்டு சுரப்பு குறைந்தால், புதிதாகப் பிறந்த செல்கள் பிழைத்து நியூரானாக ஆவது குறைகிறது, சுரப்பைத் திருப்பிக் கொடுத்தால் சரியாகிறது. ரத்த சோகை, பி12 குறைவு, மன வாட்டம், இவையும் மறதியாக வெளியே தெரியும். இவையெல்லாம் மருந்துக்குக் கட்டுப்படுபவை. அரசு மருத்துவமனையில் ரத்தம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வரும் வழியே தடுமாறுகிறது, தெரிந்தவர் முகம் மாறிப்போகிறது என்றால் அதைத் தள்ளிப்போடவே கூடாது.

கடைசியாக சொல்யூஷன், அந்த ஒட்டும் பசை. பேஸ்டிங்கில் இருப்பவர்கள் என்னிடம் விரலைக் காட்டியிருக்கிறீர்கள், நகக்கண்ணில் காய்ந்து தோலோடு உரியும் அந்தப் படலம். சாயங்காலம் தலை பாரம், கிறுகிறுப்பு, வாசனையே தெரியாத மூக்கு. ஷூ ஒட்டும் பசையில் டொலுவீன் போன்ற கரைப்பான்கள் இருக்கும். அந்த ஆவியை வருஷக்கணக்கில் சுவாசித்தவர்களுக்குக் கவனமும் ஞாபகமும் கெடும் என்பது ஸ்காண்டிநேவிய நாடுகளில் பெயின்ட் அடிக்கும் தொழிலாளர்களிடம் 1970களிலேயே கண்டறியப்பட்டது. முகத்தில் கட்டும் துணி ஆவியை நிறுத்தாது. டப்பாவை மூடி வைப்பது, காற்றை வெளியே இழுக்கும் ஃபேன், ஜன்னல், இவைதான் உதவும். ஃபேன் ஓடவில்லை என்றால் தனியாகப் போய்க் கேட்காதீர்கள், ஐந்து பேர் சேர்ந்து கேளுங்கள். வீட்டில் தைப்பவர்கள் குழந்தை தூங்கும் அறையில் பசை டப்பாவைத் திறக்கவே வேண்டாம்.

வகுப்பில் நான் மாற்றிக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது. இரண்டு மணி நேரம் உட்கார வைத்து நடத்தினேன். இனி பாதி நேரம் பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி நடந்துகொண்டே நடத்துகிறேன். அமெரிக்காவில் 120 முதியவர்களை வைத்து ஒரு வருஷம் ஓர் ஆய்வு நடந்தது, 2011ல் வெளிவந்தது. வாரம் மூன்று நாள் நாற்பது நிமிடம் வேகமாக நடந்தவர்களுக்கு ஹிப்போகாம்பஸின் அளவு இரண்டு சதவீதம் கூடியிருந்தது. அது புது செல்லாலா, ரத்த ஓட்டத்தாலா என்பது வேறு கேள்வி. வெறும் நீட்டி மடக்கும் பயிற்சி செய்த மற்ற பாதிப் பேருக்கு அது குறைந்திருந்தது. ஒரே நாளில் ஒரு பாடம் முழுக்கத் திணிக்கவும் மாட்டேன். ஒரு பக்கம் போதும், அதையே புதன்கிழமை போனில் மறுபடி கேட்கிறேன். ராத்திரி தைக்கிற அன்றைக்குப் படிக்காதீர்கள், தூங்குங்கள்.

ஞாயிறு பத்து மணி, அதே வராண்டா. நாப்பத்தாறு வயதுக்காரரின் அறிவியல் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. செல் உடலும் டென்ட்ரைட்டுகளும் வரைந்திருக்கிறார், உட்கருவுக்குச் சின்னதாக ஒரு வட்டம் போட்டிருக்கிறார். ஆக்ஸான் இன்னும் வரையவில்லை. அதற்குத் தேவையான இடத்தைப் பக்கத்தின் கீழ்ப்பாதியில் அவரே விட்டு வைத்திருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்